வேடிக்கை பார்ப்போர் கடமை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். குறளும் சிலம்பும் கம்பனும் முழங்கிய மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் தள்ளும் குமாஸ்தாவாகிய என்னைச் செயலாளர் அவர்கள் பேச அழைத்தபோது, "எனக்கு என்ன தெரியும் ஐயா?" என்று கேட்டேன். "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது வேடிக்கை பார்ப்பது. ஆகவே அதைப் பற்றியே பேசத் துணிந்தேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வேடிக்கை பார்ப்பவனை நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை. கடைக்குப் போன பையன் நேரம் கழித்து வந்தால், "எங்கே வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்து நின்றாய்?" என்றுதான் தாய் கேட்கிறாள். வேலை செய்பவன் ஒருவன், அதைப் பார்ப்பவன் ஒருவன் என்றால், பார்ப்பவன் சோம்பேறி என்பது உலகத்தார் தீர்ப்பு. ஆனால் நம் ஊர்த் தேர்த்திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கில் என்றால், தெருவின் இருமருங்கும் நின்று பார்ப்பவர் ஆயிரக்கணக்கில். பார்ப்பவர் இல்லாவிட்டாலும் தேர் நகரும்; ஆனால் அது திருவிழா ஆகாது. பெரியதொரு பாலமோ, அணையோ, சுரங்கப் பாதையோ உருவாவதும் ஒரு தேரோட்டமே. அதைப் பார்க்க மக்கள் கூடுவது இயல்பு. அப்படிக் கூடுகிறவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

ஹூக்ளி நதிக்கரையில் குடியேறிய நமக்கு இத்தகைய தேரோட்டம் மூன்று முறை வாய்த்தது. இந்நகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று மாறியது. எனினும் நாவின் பழக்கத்தால் கல்கத்தா என்றே சொல்லிவருகிறேன், மன்னிக்க.

முதலாவது தேர், ஹௌரா பாலம்.

இன்று நாம் காணும் இரும்புப் பாலத்திற்கு முன்னால் அங்கே ஒரு மிதவைப் பாலம் இருந்தது. பிராட்போர்ட் லெஸ்லி என்ற பொறியாளரின் அமைப்பில் 1874-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது அது. மிதவைகளின் மேல் அமைந்த பாலமாதலால், கப்பல் வரும்போது நடுப்பகுதியைக் கழற்றி விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை வண்டியும் மாடும் மனிதரும் இருகரையிலும் காத்து நிற்க வேண்டும். ஆகவே ஆற்றைப் பார்த்து நிற்பது ஹௌராவாசிகளுக்குப் பரம்பரை வழக்கம் என்று சொன்னாலும் தவறில்லை.

புதிய பாலத்தின் வேலை 1936-ஆம் ஆண்டில் தொடங்கியது. நடு ஆற்றில் தூண் நாட்டாமல், இருகரையிலும் கோபுரம் எழுப்பி, அங்கிருந்து இரண்டு கைகளை நீட்டி, நடுவே அவற்றை இணைப்பதுதான் திட்டம். இடைவெளி 1,500 அடி. கோபுரத்தின் உயரம் சுமார் 280 அடி. இவ்வளவு பெரிய சுமையை இந்த ஊர் வண்டல் மண் எப்படித் தாங்கும்? அதற்கு அவர்கள் கையாண்ட முறையை நம் கிராமத்தார் கேட்டால், "இது எங்களுக்குத் தெரிந்ததுதானே!" என்பார்கள். நம் பக்கத்தில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையை மண்மேல் வைத்து, உள்ளே இருக்கும் மண்ணை வாரி எடுக்க எடுக்க, உறை தன் கனத்தால் தானே கீழே இறங்கும். அதே தத்துவந்தான். ஆனால் இங்கே இறங்கிய உறை 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்டது. அதனுள் 21 கிணறுகள். கெய்சன் என்று அதற்குப் பெயர். நாளொன்றுக்கு ஓர் அடி, சில நாள் சற்றுக் கூடுதல் என்ற கணக்கில் அது இறங்கியது.

ஹௌரா பக்கத்து மண்ணில் திறந்த கிணறாகவே இறக்க முடிந்தது. கல்கத்தா பக்கத்தில் ஓடுமணல் குறுக்கிட்டது. நீரோடு சேர்ந்து குழம்பாகி ஓடிவரும் மணல் அது. அதைத் தடுக்கக் கிணற்றின் அடியில் காற்றை அழுத்தி நிரப்பி, அந்த அழுத்தத்திற்குள்ளேயே ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அழுத்தம். அதனுள் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். இந்த எண்ணிக்கையைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனிடம் திரும்பி வருவேன்.

தோண்டத் தோண்ட மண்ணோடு என்னவெல்லாம் வெளியே வந்தன தெரியுமா? கப்பல் நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள்! நூற்றாண்டுகளாக ஆறு விழுங்கியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. இதைவிடப் பெரிய வேடிக்கை வேறு எது?

ஒரு சமயம், அடிமண் திடீரென்று விலகியதால் அந்தப் பெரும் உறை முழுவதும் இரண்டடி ஒரே குதியாகக் கீழே இறங்கிற்று. நிலம் அதிர்ந்தது. கிதிர்ப்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பூகம்பம் என்றே பதிவு செய்ததாம். கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்து விழுந்தது. பின்னர் அது திரும்பவும் கட்டப்பட்டது. மேலே நிற்பது எதுவும் கீழே நடப்பதற்குத் தொடர்பற்றதன்று என்பதை ஆறு அன்றே அறிவித்துவிட்டது.

பாலத்திற்குச் சென்ற எஃகு 26,500 டன். அதில் 23,000 டன் டாட்டா எஃகு ஆலை கொடுத்தது. நீண்டுவந்த இரு கைகளையும் நடுவே பொருத்துவதற்கு, 800 டன் திறனுடைய பதினாறு நீர்விசை ஜாக்கிகள் தேவைப்பட்டன. இத்தனை ஆண்டுகள் ஊரே அண்ணாந்து பார்த்த அந்தப் பாலம் திறக்கப்பட்ட நாளில், பார்க்க யாரும் இல்லை. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு வீசியிருந்தன. நகரம் இரவில் விளக்கணைத்துக் கிடந்தது. 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், விழாவும் இல்லை, வாத்தியமும் இல்லை. இரவில் ஒரு டிராம் வண்டி தன்னந்தனியாகப் பாலத்தைக் கடந்தது. அவ்வளவுதான் திறப்பு விழா! அதே ஆண்டில் வங்கத்தைப் பெரும் பஞ்சம் பீடித்தது. சோறு தேடிக் கிராமத்து மக்கள் இந்நகரத் தெருக்களுக்கு வந்து விழுந்தார்கள். எஃகுக்கு டன் கணக்கு இருந்தது. அந்த மனிதர்களுக்குக் கணக்கு இல்லை.

நிற்க. இரண்டாவது தேர், இரண்டாம் ஹூக்ளிப் பாலம் எனப்படும் வித்யாசாகர் பாலம். இதை நானே கண்ணால் கண்டேன்.

1972-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டினார். பாலம் திறக்கப்பட்டதோ 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள். இருபது ஆண்டுகள்! இடையே ஏழாண்டுக் காலம் வேலையே நடக்கவில்லை. கோபுரங்களிலிருந்து விசிறிபோல் விரியும் எஃகுக் கயிறுகள் சாலையைத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு. இரு கோபுரங்களுக்கும் இடையே உள்ள தூரம், பழைய பாலத்தைப் போலவே 1,500 அடி. அதாவது 457 மீட்டர். தாத்தாவும் பேரனும் ஒரே உயரம் இருப்பதுபோல.

நான் எட்டு, ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது என் தகப்பனார் ஞாயிறுதோறும் என்னை அழைத்துச் செல்வார். ஹௌராவில் லாஞ்சு ஏறி, பாபுகாட்டில் இறங்கி, ஆற்றோரமாகவே பிரின்செப் காட் வரை நடப்போம். கையில் தூக்குவாளி, அதில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். கரையில் எங்களைப் போலவே பலர் இருப்பார்கள். சுண்டல்காரன், பொரிக்காரன், ஓய்வு பெற்ற பாபுமார்கள், காதலர்கள், பட்டம் விடும் பிள்ளைகள். எல்லாரும் பாலத்தையே பார்த்திருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொறியாளர்! "இந்தக் கயிறு தாங்காது" என்பார் ஒருவர். "என் பேரன் காலத்தில்தான் முடியும்" என்பார் மற்றொருவர்.

என் தகப்பனார் அதிகம் பேசமாட்டார். அவர் ரயில்வே யார்டில் டிரெயின்ஸ் கிளார்க்காக இருந்தவர். சரக்கு வண்டி வந்து நின்றதும், ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் நடந்து நடந்து குறித்தெடுப்பது அவர் வேலை. வந்த பெட்டி எத்தனை, போன பெட்டி எத்தனை, நிற்பது எத்தனை. கணக்கு நேராகாமல் வீட்டுக்கு வரமாட்டார். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் அவரை விடவில்லை. வேலைத்தளத்து வாயில் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருவார். உள்ளே போகிறவர்களை எண்ணச் சொல்வார். மாலையில் வெளியே வருகிறவர்களையும் எண்ணச் சொல்வார். "ஏறினவர் எத்தனை? இறங்கினவர் எத்தனை?" இதுதான் அவர் கேள்வி. பாலம் எத்தனை அடி வளர்ந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் நாங்கள் எண்ணியதில் பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். மாலையில் பதினெட்டுப் பேரே வெளியே வந்தார்கள். பொழுது சாய்ந்தது. கரையிலிருந்த கூட்டம் கலைந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. "அப்பா, அந்த ஆள் வேறு வழியாகப் போயிருப்பார்" என்றேன். "போயிருக்கலாம். போய்விட்டான் என்று தெரிகிற வரையில் நிற்போம்" என்றார். இருட்டிய பிறகு, தோளில் துண்டும் கையில் சாப்பாட்டுப் பாத்திரமுமாக ஒருவர் மெல்ல வெளியே வந்தார். சாப்ரா ஜில்லாக்காரர். என்ன வேலையில் தங்கிப் போனாரோ, நாங்கள் கேட்கவில்லை. என் தகப்பனார் அவரிடம் போய், தமக்குத் தெரிந்த யார்டு ஹிந்தியில், "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். மீதமிருந்த தயிர்சாதத்தை அவர் பாத்திரத்தில் கவிழ்த்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். திரும்பும் வழியில் லாஞ்சில் என் தகப்பனார் சொன்னது ஒன்றே: "கணக்கு நேராகிவிட்டது."

அன்று எனக்கு அது விளங்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் ஒருவன், ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் மற்றொருவனை எண்ணிப் பார்த்தான் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று. நாமெல்லாரும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் அல்லவா? நம் பாட்டனார் ஒருவர் இங்கே வந்து இறங்கியபோது, அவர் வீடு திரும்பினாரா என்று கரையில் உட்கார்ந்து எண்ணியவர் யார்?

மூன்றாவது தேர், மண்ணுக்குள் ஓடிய தேர்.

நாட்டிலேயே முதலாவது சுரங்க ரயில் நம் நகரத்தில்தான் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை ஓடியது. தெருவை வெட்டி, பாதை கட்டி, மேலே மூடும் முறையே பெரும்பாலும் அன்று கையாளப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சௌரங்கி வீதியில் பள்ளத்தின் ஓரமாக நடந்த கதையை நம் மூத்தோர் இன்னும் சொல்வார்கள். ஆனால் ஹௌராவையும் கல்கத்தாவையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் கிழக்கு மேற்கு மெட்ரோ வந்தபோது, முறை மாறியது. பூமிக்குள்ளேயே மண்ணைக் குடைந்துகொண்டு, பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு முன்னேறும் ராட்சத எந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு ரச்னா, பிரேர்ணா என்று பெண்களின் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

2017-ஆம் ஆண்டின் கோடையில் அவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஹூக்ளி நதிக்கு அடியில் கடந்தன. ஆற்றின் அடியில் மட்டும் சுரங்கத்தின் நீளம் 520 மீட்டர். இந்தியாவில் ஆற்றுக்கு அடியில் ரயில் செல்வதற்கென்று குடைந்த முதல் சுரங்கம் அது. அந்த நாட்களில் அலுவலகத்திற்குப் போகையில் லாஞ்சின் விளிம்பில் நின்று நீரைப் பார்ப்பேன். காலுக்குக் கீழே ஆறு, ஆற்றுக்குக் கீழே மண், மண்ணுக்குள்ளே மனிதர்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததோ, என்றும்போல் ஆகாயத்தாமரையும் பழுப்பு நீரும்தான். என் தகப்பனார் அன்று இருந்திருந்தால், எந்த வாயிலைப் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் திகைத்திருப்பார்.

அன்பர்களே! கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு ஊரே காவல். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காவல் யார்? இதற்கு விடை 2019-ஆம் ஆண்டில் பௌபஜாரில் கிடைத்தது.

பௌபஜார் நீங்கள் அறிந்த இடமே. பொற்கொல்லர் பட்டறைகளும், ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கும் பழைய வீடுகளும், ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளும் நிறைந்த பகுதி. அதன் அடியில் சண்டி என்னும் எந்திரம் குடைந்துகொண்டு போனது. ஆகஸ்டு 31-ஆம் நாள், மண்ணுக்குள் நீர் தேங்கி நின்ற படுகை ஒன்றை அது தொட்டுவிட்டது. நீரும் மணலும் சுரங்கத்திற்குள் பாய்ந்தன. அடியில் மண் போனால் மேலே வீடு நிற்குமா? துர்கா பிதுரி சந்திலும் அதை ஒட்டிய சந்திலும் சுவர்கள் பிளந்தன. வீடுகள் சில தாமே சரிந்தன, சில இடிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேற்றப்பட்டு விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். அன்று ஹௌரா பாலத்துக் கிணற்றில் குறுக்கிட்ட அதே பகைவன்தான்: நீரும் மணலும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்றே; வேடிக்கை பார்க்கப் போனேன். போலீசார் கட்டிய தடுப்புக்கு இப்பால் பெருங்கூட்டம். எல்லாருடைய கையும் மேலே தூக்கியிருந்தது. ஒவ்வொரு கையிலும் கைப்பேசி. என் கையிலும் இருந்தது. விரிசல் விட்ட சுவர் ஒன்றைப் படமெடுத்து, நம் காலனிக் குழுவுக்கு அனுப்பினேன். உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். வியப்புக் குறியிட்டுப் பதிலும் போட்டீர்கள்.

அப்பொழுது தடுப்பை விலக்கிக்கொண்டு முதிய வங்காளி அம்மையார் ஒருவர் வெளியே வந்தார். முக்கியமானவற்றை எடுத்துவர அவருக்குச் சில நிமிடங்கள் அனுமதி கிடைத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் அவர் எடுத்துவந்தது ஒரு மாவுச் சல்லடையும், சட்டம் போட்ட ஒரு படமும், ஒரு தலையணையும். எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர் இல்லை. கை போனதை எடுத்து வந்திருக்கிறார். கூட்டத்தைக் கண்டதும் நின்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்புபவர்போல், "ஆப்னாரா கீ தேக்சேன்?" என்று கேட்டார். "நீங்களெல்லாம் என்ன பார்க்கிறீர்கள்?" என்று பொருள்.

யாரும் விடை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் தகப்பனாரின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாகக் கேட்டது. ஏறினவர் எத்தனை, இறங்கினவர் எத்தனை? இந்தச் சந்தை விட்டு வெளியேறியவர் எத்தனை, திரும்பி வருபவர் எத்தனை?

அதன் பிறகு பல ஞாயிறுகளில் அந்தப் பக்கம் போனேன். படமெடுக்கவில்லை. டீக்கடையில் நின்று விசாரித்தேன். எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது, பட்டறை இழந்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டேன். 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறுபடியும் அதே பகுதி வீடுகளில் விரிசல், அக்டோபரில் மீண்டும். மறுபடியும் மக்கள் வெளியேறினார்கள். பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை இடங்களில் காலம் கழித்தன. முதல் ஞாயிற்றுக்கிழமை திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாம் முறை இல்லை. விழுகிற வீடு வேடிக்கை. வீடு திரும்பாத மனிதன் வேடிக்கை இல்லை போலும்!

இந்த இடத்தில் நம் பழங்கதை ஒன்று எனக்கு நினைவு வருகிறது. மதுரையில் வையை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி. வேலை செய்தாரா? ஆடினார், பாடினார், ஓடினார், கூடையைத் தலைக்கு வைத்து உறங்கினார். மண் சுமந்த மற்றவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த வேடிக்கையைப் பார்த்தார்கள். அரசன் வந்தான். அத்தனை பங்கும் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடந்தது. பிரம்பால் கூலியாளை ஓர் அடி அடித்தான். அந்த அடி அரசன் முதுகில் விழுந்தது. அரசி மீதும், அமைச்சர் மீதும், கரையில் நின்ற ஒவ்வொருவர் மீதும் விழுந்தது.

இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஆண்டவன் பெருமையைச் சொல்லும் கதை என்றே எண்ணினேன். பௌபஜாருக்குப் பிறகு வேறொன்றும் தோன்றுகிறது. பொது வேலையில் ஒருவர்மேல் விழும் அடி எல்லார்மேலும் விழுந்ததே. சிலருக்கு உடனே வலிக்கிறது, சிலருக்கு வலிப்பதில்லை, அவ்வளவே. வந்தியின் பங்கு அடைபடாத வரையில் கரை அடைபட்டதாகாது என்பதும் அதே கதைதான் சொல்கிறது. மற்ற ஆயிரம் பங்கும் சரியாயிருந்தால் என்ன? வெள்ளம் புகுவது அந்த ஒரு கிழவியின் பங்கு வழியாகத்தானே?

இப்படிச் சொல்வதால், பாலம் வேண்டாம், சுரங்கம் வேண்டாம் என்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ரயிலால் சோறு உண்பவன் நான். சண்டி நின்றுபோன பிறகு, உர்வி என்ற மற்றோர் எந்திரம் தன் பாதையை 2020-ஆம் ஆண்டில் முடித்து, திரும்பி வந்து, மீதமிருந்த சண்டியின் பாதையையும் 2021-ஆம் ஆண்டில் முடித்தது. தோழி விட்ட வேலையைத் தோழி முடித்ததுபோல. அதைக் கேட்டு நான் பெருமைப்படவில்லை என்றால் பொய். வேலை செய்தவர்களின் துணிவு பெரிது. அதனாலேயே சொல்கிறேன், அவர்கள் எண்ணப்பட வேண்டியவர்கள். ஹௌரா பாலத்தின் எஃகு 26,500 டன் என்பதை நம் குழந்தைகள் பொது அறிவுப் போட்டியில் பட்டென்று சொல்வார்கள். கிணற்றின் அடியில், அழுத்திய காற்றில் மூச்சுவிட்டு மண் வாரிய அந்த 500 பேரில் ஒருவர் பெயரை நம்மில் யாராவது சொல்ல முடியுமா? அந்த எண்ணிக்கையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்குத்தான்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், ஆற்றுக்கு அடியில் செல்லும் ரயில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த வாரமே என் மகளை அழைத்துக்கொண்டு போனேன். ஹௌரா நிலையத்தில் படிமேல் படியாக இறங்கினோம். சுமார் 30 மீட்டர் ஆழம். வண்டி நகர்ந்தது. ஆற்றுக்கு அடியில் வந்ததும் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தோன்றின. பெட்டியில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். நாற்பத்தைந்து விநாடி, ஆறு கடந்துவிட்டது. அன்று கப்பலுக்காக மிதவைப் பாலம் விலகி நிற்க, மணிக்கணக்கில் காத்திருந்த ஆறு!

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் இடையே உள்ள பகுதியும் திறக்கப்பட்டது. ஹௌரா மைதானத்திலிருந்து சால்ட் லேக் ஐந்தாம் செக்டார் வரை 16.6 கிலோமீட்டர் தூரம் இப்போது ஒரே வண்டியில் போகலாம். வழியில் பௌபஜாரின் அடியில் வண்டி செல்கிறது. அங்கே நீல விளக்கு இல்லை. ஆரவாரம் இல்லை. எல்லாரும் கைப்பேசியைப் பார்த்திருக்கிறார்கள். முதல்முறை அவ்வழியே சென்றபோது என் மகளிடம், "இப்போது நமக்கு மேலே சில வீடுகள் இருந்தன" என்றேன். "அதில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா, அப்பா?" என்று கேட்டாள்.

அவையோரே, நான் அவளுக்கு அந்தக் கேள்வியைக் கற்பிக்கவில்லை. அவளுடைய பாட்டனாரை அவள் பார்த்ததும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் குழந்தைகளை வேடிக்கை பார்க்க அழைத்துச் செல்லுங்கள். பாலம் கட்டினால் பாருங்கள். பள்ளம் தோண்டினால் பாருங்கள். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு போங்கள். அது எத்தனை அடி, எத்தனை டன், எத்தனை கோடி என்று சொல்லிக் கொடுங்கள்; அதுவும் தேவைதான். அதோடு, உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள். கணக்கு நேராகாவிட்டால், இருட்டினாலும் சற்று நில்லுங்கள். போய்விட்டார்கள் என்று தெரிகிற வரையில் நில்லுங்கள். வேடிக்கை பார்ப்போர் கடமை அவ்வளவே.